கை நீட்டுகிறவர்களும் கையைப் பிடிக்கிறவர்களும்: ராமேஸ்வரம் யாத்திரைக்கு ஒரு பதில்

சென்னையிலிருந்து தை அமாவாசைக்கு 68 வயது அம்மாவை ராமேஸ்வரம் அழைத்துப் போகிறீர்கள். அப்பாவுக்குத் தர்ப்பணம், அடுத்த நாள் தேவிபட்டினம், ஏர்வாடி. இருவருக்கும் புது ஊர். விடிகாலையில் ரயில் இறங்கத் தயக்கம், பிச்சை கேட்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள் என்ற பயம், கொடுக்காமல் வந்தால் அம்மா மனசு கேட்காது, நீங்கள் தீர்த்தமாடும்போது முழங்கால் வலிக்கார அம்மாவை எங்கே உட்கார வைப்பது, புது ஊரில் வயிற்றைப் பிசைகிற உணர்வை எப்படி எடுத்துக்கொள்வது. இவைதானே நீங்கள் எழுதிக் கேட்டிருந்தவை?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அங்கே உங்களை நோக்கி வருகிற எல்லாரும் ஒரே ரகம் இல்லை. கை நீட்டுகிறவர்கள் ஒரு ரகம். உங்கள் கையைப் பிடிக்கிறவர்கள் வேறு ரகம். கை நீட்டுகிறவர்களால் பெரும்பாலும் போவது பத்து ரூபாயும் கொஞ்சம் மனநிம்மதியும்தான். ஆயிரக்கணக்கில் போவது புரோக்கரிடமும், தொகை பேசாமல் உட்கார்ந்த தர்ப்பணத்திலும். ஆனால் ஊர் திரும்பியதும் எல்லாரும் பிச்சைக்காரர்களைத்தான் குறை சொல்வார்கள், ஏனென்றால் அவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள்.

கை நீட்டுகிறவர்களிடமிருந்து தொடங்கலாம். கோயிலின் கிழக்கு வாசலுக்கும் அக்னி தீர்த்தக் கடற்கரைக்கும் நடுவே நூறு மீட்டர் சொச்சம்தான் இருக்கும். சிரமம் முழுக்க அந்தத் துண்டில்தான். ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் வெளியூர்களிலிருந்தும் வந்து இரண்டு பக்கமும் வரிசையாக உட்காருவார்கள். பித்ரு காரியத்துக்கு வந்தவர்கள் தானம் கொடுப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். கூட்டம் உங்களைச் சூழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் நீங்களே: நடந்துகொண்டே பர்ஸைத் திறப்பீர்கள், ஐந்நூறு ரூபாய்த் தாள்களுக்கு நடுவே பத்து ரூபாயைத் தேடுவீர்கள், அதற்குள் ஆறு கைகள் வந்துவிடும்.

ஆகவே சென்னையிலேயே பத்து ரூபாய்த் தாள்களாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 20 தாள், 200 ரூபாய் போதும். கோயில் வாசலில் சில்லறை மாற்றலாம் என்று இருந்துவிடாதீர்கள்; கமிஷன் பிடித்துத்தான் தருவார்கள், நூறு கொடுத்தால் நூறு திரும்பாது. பத்து ரூபாய் நாணயம் சட்டப்படி செல்லும் காசுதான் என்றாலும், வாங்கத் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாளாகவே வைத்துக்கொள்வது வம்பில்லை. அந்த 20 தாளையும் ஒரு சுருக்குப்பையில் தனியாகப் போடுங்கள். பர்ஸ் வேறு, இது வேறு. பர்ஸ் அந்தத் தெருவில் வெளியே வரவே கூடாது.

அடுத்தது, எப்போது கொடுப்பது. எல்லாம் முடிந்த பிறகு, வண்டி ஏறப் போகும்போது மட்டும். கடலுக்குப் போகும் வழியில் ஒருவருக்குக் கொடுத்தால் தர்ப்பணம் முடிகிறவரை ஐந்து பேர் பின்னால் நிற்பார்கள். ஆட்டோவைப் பேசி நிறுத்திவிட்டு, வரிசையின் தூரத்து முனையில் ஆரம்பித்து ஆட்டோ நிற்கிற பக்கம் முடிகிற மாதிரி நடந்துகொண்டே கொடுங்கள். ஆளுக்கு ஒன்று, நிற்காமல், திரும்பிப் போகாமல். வண்டிக்குள் உட்கார்ந்த பிறகு கொடுக்க ஆரம்பித்தால் வண்டி நகராது.

இதில் எல்லாரும் சொதப்புகிற இடம் ஒன்று உண்டு. வரிசையில் 30 பேர் இருக்க, கையில் 20 தாள் இருந்தால், விடுபட்ட பத்துப் பேர் எழுந்து வருவார்கள். அவர்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பந்தியில் பாதி இலைக்கு மட்டும் பரிமாறினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆகவே கொடுக்கும் முன் தலையை எண்ணுங்கள். ஆள் அதிகமென்றால் வேறு சின்ன வரிசையைப் பாருங்கள். தீர்ந்ததும் பையைக் கவிழ்த்துக் காட்டி, "தீர்ந்துபோச்சும்மா" என்று சொல்லிவிட்டு ஏறுங்கள்.

கொடுக்காத நேரத்தில் என்ன சொல்வது? "இல்லைம்மா", "இல்லைங்கய்யா". ஒரே ஒரு முறை, முகத்தைப் பார்த்து, நடையை நிறுத்தாமல். முகத்தைப் பார்ப்பது முக்கியம்; தலையைக் குனிந்துகொண்டு ஓடினால், இவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்று தெரிந்து பின்னால் வருவார்கள். "வரும்போது தர்றேன்" என்று மட்டும் சொல்லவே வேண்டாம். உங்கள் சட்டை நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பார்கள். அது வாக்கு, நீங்கள்தான் கொடுத்தது. "சில்லறை இல்லை" என்பதும் இப்போது எடுபடாது, "ஜீபே இருக்கு சார்" என்று பதில் வரும் காலம் இது.

அம்மாவின் சங்கடம் வேறு. பித்ரு நாளில் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பினால் பாவம் என்று வளர்ந்த தலைமுறை. யாராவது ஒருவர் முணுமுணுத்துவிட்டால் அந்த வார்த்தை ஒரு வாரம் அவர் மனசில் கிடக்கும். இதற்கு வாதம் பண்ணிப் பயனில்லை. அந்த 20 தாளை அம்மா கையாலேயே கொடுக்க வையுங்கள், நேரத்தை மட்டும் நீங்கள் வையுங்கள். தானம் சாப்பாடாகப் போக வேண்டும் என்று அவர் நினைத்தால், கோயிலில் அறநிலையத்துறை நாள் முழுக்க நடத்துகிற அன்னதானத்துக்கு நன்கொடை கட்டி ரசீது வாங்கலாம். அல்லது ஒரு டீக்கடையில் பத்து டீ, பத்து வடைக்கு முன்பணம் கொடுத்து, "அந்த வரிசையில இருக்கிற பெரியவங்களுக்குக் கொடுத்திடுங்க" என்று சொல்லி, கொடுத்து முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.

குழந்தையை முன்னால் நிறுத்திக் கேட்டால் காசு கொடுக்காதீர்கள். இரக்கம் இல்லாமல் சொல்வதல்ல. குழந்தை கையில் விழுகிற காசுதான் அந்தக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் தெருவில் வைத்திருக்கிறது. குழந்தையைப் பிச்சை எடுக்க வைப்பவர்களுக்கு 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 76-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. குழந்தையை அடிப்பதையோ, தூக்கத்திலேயே கிடத்தி வைத்திருப்பதையோ பார்த்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு அழைத்து இடத்தை அடையாளத்தோடு சொல்லுங்கள். கைக்குழந்தையோடு வந்து பால்பவுடர் டின் வாங்கித் தரச் சொன்னால், டின் பிரிக்காமல் கடைக்கே திரும்பும் ஏற்பாடு பல யாத்திரைத் தலங்களில் உண்டு. பசி என்றால் இட்லியும் ஒரு டம்ளர் பாலும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வாங்கிக் கொடுங்கள்.

கைவிடப்பட்ட முதியவர் என்று தோன்றினால், பேசிப் பாருங்கள். ஊர் பெயர், மகன் பெயர் சொல்லி அழுதால் முதியோருக்கான 14567 எண் காலை 8 முதல் இரவு 8 வரை இருக்கிறது. நீங்களே கூட்டிக்கொண்டு போய் எங்காவது விட முயல வேண்டாம்.

இனி, கையைப் பிடிக்கிறவர்கள். இவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். ரயில் நிலையத்திலேயே ஒருவர் வந்து, "தர்ப்பணமா, ரூமா, எல்லாம் நம்மகிட்ட இருக்கு" என்பார். அவர் அழைத்துப் போகிற இடங்களில் அவருக்குக் கமிஷன், அது உங்கள் தலையில். கடற்கரையில் சாஸ்திரிகளிடம் உட்காருவதற்கு முன், நின்றபடியே கேளுங்கள்: "மொத்தம் எவ்வளவு சாமி? எள்ளு, தர்ப்பை, அரிசி எல்லாம் சேர்த்தா, தட்சிணை தனியா?" அவர் சொன்ன தொகையை நீங்கள் ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். உட்கார்ந்து விரலில் பவித்திரம் (தர்ப்பை மோதிரம்) போட்ட பிறகு கோதானம், வஸ்திர தானம் என்று சங்கல்பத்தின் நடுவே தொகையை உங்கள் வாயாலேயே சொல்ல வைக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. மந்திரத்தோடு மந்திரமாக ஐயாயிரம் வந்துவிடும். அந்த இடத்தில் தொகையைத் திருப்பிச் சொல்லாமல், "பேசினது மட்டும் போதும் சாமி" என்றால் போதும். நேர்மையாகச் செய்துவைப்பவர்கள் அங்கே நிறையப் பேர். அவர்கள் முதல் கேள்விக்கே முழுப் பதில் சொல்லிவிடுவார்கள். அதுவே அடையாளம்.

கோயிலுக்குள் இருக்கிற 22 தீர்த்தக் கிணறுகளில் நீராடக் கோயில் கட்டணம் நீண்ட காலமாக ஆளுக்கு 25 ரூபாய். கவுன்டர் பலகையைப் பார்த்துச் சீட்டு எடுங்கள். "வாளி நிறைய ஊத்த வைக்கிறேன், வரிசை இல்லாம கூட்டிட்டுப் போறேன்" என்று நூற்றுக்கணக்கில் கேட்பவர்கள் வெளியே இருப்பார்கள். அமாவாசையன்று நெரிசல் நிஜம். அவர்கள் தருகிற உறுதி நிஜமில்லை.

தர்ப்பணம் முடிந்ததும் பசுவுக்குக் கொடுக்க அகத்திக்கீரைக் கட்டை நீட்டுவார்கள். கொடுக்கிற வழக்கம் நல்லதுதான், கட்டைக் கையில் வாங்கும் முன் விலையைக் கேளுங்கள். வாங்கிய பிறகு விலை இரட்டிக்கும். நெற்றியில் திருநீறு பூசுவதும் மணிக்கட்டில் கயிறு கட்டுவதும் இதே கணக்கு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதுதான் இதற்கு மருந்து, கட்ட மணிக்கட்டு கிடைக்காது. காவி உடுத்தவர்களில் உண்மையான யாத்ரீகரும் உண்டு, தொழிலாக உடுத்தவரும் உண்டு. பிரித்தறிய நம்மால் முடியாது, தேவையுமில்லை. கேட்டால் "இல்லைங்க சாமி", அவ்வளவுதான். கியூஆர் அட்டையை யார் நீட்டினாலும், பணம் உங்களுக்கு வரும் என்று சொன்னால், நகர்ந்துவிடுங்கள். பணம் வாங்க ரகசிய எண் தேவையில்லை. எண்ணைக் கேட்டாலே பணம் போகப் போகிறது என்று அர்த்தம்.

இப்போது ரயில் இறங்கும் நேரம். நிலையத்திலிருந்து கோயில் ஒன்றரை கிலோமீட்டர் அளவுதான். பேருந்து நிலையம் இன்னும் சற்றுத் தள்ளி. இருட்டாக இருந்தால் நிலையத்திலேயே முகம் கழுவி, டீ குடித்து, கூட்டம் கலையக் காத்திருங்கள். முதல் அலையில் வெளியே போகிறவர்களிடம்தான் அதிக வாடகை கேட்பார்கள். இரண்டு ஆட்டோக்காரர்களிடம் தனித்தனியாக விலை கேட்டாலே நியாயமான தொகை தெரிந்துவிடும். தங்குமிடத்தை முன்பே முடிவு செய்து, அந்தப் பெயரையும் தெருவையும் தயங்காமல் சொல்லுங்கள். "நல்ல லாட்ஜ் இருக்கா?" என்று கேட்டுவிட்டால் அன்றைய உங்கள் நாள் அந்த ஆட்டோவுக்குச் சொந்தம். அமாவாசையன்று வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அம்மாவின் முழங்காலை உத்தேசித்து முந்தைய நாளே வந்து கோயிலுக்கு நடை தூரத்தில் தங்குவது நல்லது.

புது ஊரில் வயிற்றைப் பிசைகிற அந்த உணர்வைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அழுக்குத் துணி, சடை, புண், சத்தம், இவை கண்ணுக்கு உறுத்தல். ஆபத்தின் அறிகுறி அல்ல. வரிசையில் உட்கார்ந்திருப்பவர் நாளையும் அதே இடத்தில் உட்கார வேண்டியவர், அவர் உங்கள் பையைப் பறித்தால் அவர் பிழைப்பு போச்சு. கவனிக்க வேண்டியது வேறு: நீங்கள் தெருவைக் கடந்ததும் கூடவே கடந்து வருகிறவர், ஒருவர் முன்னால் பேச்சுக் கொடுக்க, இன்னொருவர் முதுகுப் பக்கம் நெருங்குவது, "அந்தப் பக்கம் வாங்க, அங்கதான் நல்ல வழி" என்று ஆள் நடமாட்டம் இல்லாத சந்துக்கு அழைப்பது, யோசிக்க ஒரு நிமிடம் கேட்டால் கோபப்படுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பதில் சொல்லிக்கொண்டு நிற்காமல் பக்கத்துக் கடைக்குள் ஏறுங்கள், மருந்துக்கடை என்றால் இன்னும் நல்லது. ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி ஐந்து நிமிடம் நில்லுங்கள். பின்னால் வந்தவர் பெரும்பாலும் கரைந்துபோவார். போகவில்லை என்றால் 112, ரயிலுக்குள் என்றால் 139. கடலில் முழுக்குப் போடும்போது அம்மா கழுத்தில் சங்கிலி வேண்டாம். நெரிசலில் அறுபடுவதும் அலையில் நழுவுவதும் அங்கேதான்.

ரயிலில் திருநங்கைகள் வந்து கேட்டால் முகத்தைத் திருப்பவோ கேலி பேசவோ வேண்டாம். கொடுப்பதானால் பத்து ரூபாய், கொடுக்காவிட்டால் "இல்லைக்கா". மரியாதையாகச் சொன்னால் அடுத்த இருக்கைக்குப் போய்விடுவார்கள். தகராறு பெரும்பாலும் சிரிப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் சட்டை கசங்காத ஒருவர், "பர்ஸ் தொலைஞ்சிடுச்சு, ஊருக்குப் போக நூத்தம்பது ரூபா" என்று வரலாம். "எந்த ஊருண்ணே? வாங்க, பஸ்ஸுல ஏத்தி டிக்கெட் எடுத்துத் தர்றேன்" என்று கண்டக்டரை நோக்கி நடங்கள். உண்மையானவர் கூட வருவார். டவுன் பஸ்ஸுக்குக் காசு இல்லை என்று ஒரு பெண் கேட்டால், சாதாரண டவுன் பஸ்களில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். பசிக்கிறது என்றால் அது வேறு விஷயம்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கிற நவபாஷாணத்துக்கு (நவக்கிரகங்களாக வழிபடும் ஒன்பது கற்கள்) போகும் வழியில் நவதானியப் பொட்டலத்தைக் கையில் திணிப்பார்கள். விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்; அதைத் தவிர அங்கே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தனுஷ்கோடிக்கும் போவதானால், சங்கு, சிப்பி விற்கிற பிள்ளைகள் விடாமல் கூடவே வருவார்கள். அது பிச்சையில்லை, வியாபாரம். ஆனால் யாராவது தாழ்ந்த குரலில் பவளப்பாறைத் துண்டை நீட்டினால் தொடாதீர்கள். பவளம் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வைத்திருந்தாலே குற்றம்.

ஏர்வாடிக்கு மட்டும் வேறு மனநிலையோடு போங்கள். இப்ராஹிம் ஷஹீது பாதுஷா அடங்கிய அந்தத் தர்காவுக்கு மனநோய் தீர வேண்டிக் குடும்பம் குடும்பமாக வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள், எல்லா மதத்தவரும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் நடந்த தீவிபத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் நாடே அந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. அங்கே உங்களிடம் வந்து சம்பந்தமில்லாமல் பேசுகிறவர், தோளைத் தொடுகிறவர், உரக்கச் சிரிக்கிறவர் நோயாளியாக இருக்கலாம். பின்வாங்கி ஓடாதீர்கள், பதிலுக்குச் சிரித்து விளையாடாதீர்கள், போன் எடுத்துப் படம் பிடிக்கவே பிடிக்காதீர்கள். ஒரு அடி இடம் விட்டு, தணிந்த குரலில், "சரிங்க" என்று சொல்லி நடந்தால் போதும். காசு கொடுத்தால் அது அவரிடம் நிற்காது. பிஸ்கட்டோ தண்ணீரோ கேட்டால் கொடுங்கள். காயத்தோடு, கவனிக்க ஆளில்லாமல் திரிகிறவரைப் பார்த்தால் 108. அப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையத்தின் கடமை என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு சொல்கிறது, தயங்காமல் சொல்லலாம். மயிற்பீலியால் தடவி, சாம்பிராணிப் புகை காட்டுகிற பக்கீர்களுக்குப் பத்து ரூபாய் கொடுப்பது வழக்கம். வேண்டாம் என்றால் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தாலே விலகிவிடுவார்கள்.

கடைசியாக, அம்மா தனியாக இருக்கும் நேரம். அமாவாசையன்று 22 தீர்த்தம் முடிக்க ஒன்றரை மணி நேரம் போதாது. இரண்டரை, மூன்று என்று ஆகலாம். கோயிலுக்குள் கைபேசி அனுமதியில்லை, ஈரத்துணியோடு மூலவர் சந்நிதிக்கும் போக முடியாது. ஆகவே ஒருவரை ஒருவர் கூப்பிட வழியே இருக்காது. தங்குமிடம் பக்கத்தில் என்றால் தர்ப்பணம் முடிந்ததும் அம்மாவை அறையில் விட்டுவிட்டு நீங்கள் தீர்த்தமாடி, உடை மாற்றி, பிறகு இருவருமாகத் தரிசனத்துக்குப் போவதுதான் சுலபம். அது முடியாதென்றால் பிரகாரத்துக்குள், காவலர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வாசலுக்கு வெளியே வேண்டாம். மூன்றாம் பிரகாரத்தில் ஆயிரத்துக்கும் மேல் தூண்கள், எல்லாம் ஒன்றுபோல இருக்கும். "தூணுக்குப் பக்கத்துல இருங்கம்மா" என்பது அங்கே விலாசம் ஆகாது. ஒரு சந்நிதியின் பெயரைச் சொல்லி உட்கார வையுங்கள். லாட்ஜ் பெயர், அறை எண், உங்கள் எண் எழுதிய சீட்டு அவர் இடுப்பில் இருக்கட்டும். அந்த 20 தாளையும் சுருக்குப்பையோடு ஒரு ஜிப் கவரில் போட்டு நீங்களே வேட்டி மடிப்பில் கட்டிக்கொள்ளுங்கள். அம்மா கையில் பையை விட்டுப் போனால், நீங்கள் மூன்றாவது கிணறு தாண்டுவதற்குள் அது காலியாகிவிடும், அவர் அருகே உட்கார்ந்து கதை கேட்க நாலு பேர் சேர்ந்திருப்பார்கள்.